பன்னீர் சோடாவுக்கு வந்த எறும்புகள்

ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தரை மணி.

திருப்பூர் நெருப்பெரிச்சலில் குமாரவேலின் பனியன் கம்பெனிக்கு அன்று விடுமுறை. வாரமெல்லாம் காதைப் பிளக்கும் நிட்டிங் மெஷின்கள் ஊமையாய் நின்றன. முதலாளியை வீட்டுக்கு அழைத்துப் போக வந்த டிரைவர் இசக்கிமுத்து, மாடி அறையின் கதவைத் தள்ளி ஒரு எட்டு உள்ளே வைத்தான். வைத்த வேகத்தில் வெளியே ஓடி வந்தான். அவன் போட்ட கூச்சலில், கேட்டில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் நஞ்சப்பன் கையிலிருந்த டீயைக் கொட்டிக்கொண்டார்.

ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஜெயசுதா வந்து சேர்ந்தபோது, சப் இன்ஸ்பெக்டர் வேல்குமார் வழக்கை முடித்தே வைத்திருந்தார்.

"குடிச்சே போய்ச் சேர்ந்துட்டாருங்க மேடம். ஒரு ஃபுல்லு காலி, பாருங்க. சந்தேக மரணம்னு போட்டு, பாடியக் குடுத்துடலாமுங்க. கீழ சொந்தக்காரங்க காத்துட்டு இருக்காங்க."

"டாக்டருக்குப் படிச்சிருக்கீங்களா வேல்குமார்?"

"இல்லீங்க மேடம்."

"அப்ப எதனால செத்தாருன்னு நீங்க சொல்லாதீங்க. தள்ளி நில்லுங்க."

குமாரவேல் சோபாவில் சாய்ந்தபடி கிடந்தார். நாற்பத்தைந்து வயது. ஒரு காலத்தில் அந்த சோபாவில் அவர் ஒருவர்தான் உட்கார முடியும் என்று ஊர் கேலி பேசும். இப்போது சட்டை தோளில் தொங்கும் அளவுக்கு இளைத்திருந்தார். அந்தச் சட்டையின் முன்புறம் நனைந்து, பிராந்தி நெடி அறையையே தூக்கியது. எதிரே டீப்பாயில் காலியான ஒரு முழு பாட்டில், காலியான இரண்டு பன்னீர் சோடா, ஒரு கிளாஸ். வாழை இலையில் பள்ளிபாளையம் சிக்கன் தின்ற மிச்சம்: எலும்பும் தேங்காய்ப் பல்லும் வரமிளகாய்த் தோலும். அரை கிலோவுக்குக் குறையாது. சோபாவின் குஷன்களில் ஒன்று மட்டும் எதிர் நாற்காலியில் குப்புறக் கிடந்தது.

ஜெயசுதா அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அலமாரியில் கழுவிக் கவிழ்த்த ஒரு சின்னக் கிண்ணி, கைக்குழந்தைக்குப் பருப்புச் சோறு பிசையும் அளவு. பக்கத்தில் மருந்து குடிக்கிற மாதிரி ஒரு குட்டி டம்ளர், ஒரு குட்டிக் கரண்டி. குமாரவேலுக்கு ஒரே மகள், அவளும் சென்னையில் காலேஜ் படிக்கிறாள். இந்தக் கிண்ணியில் சாப்பிட இங்கே எந்தக் குழந்தை வருகிறது?

மூலையில் கை கழுவும் பேசின். ஜன்னலில் தொடங்கிய எறும்பு வரிசை ஒன்று சுவரோரமாக நடந்து பேசினுக்குள் இறங்கி, தண்ணீர் போகும் ஓட்டையைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தது. சிக்கனுக்கு எறும்பு வரும், அது நியாயம். கை கழுவும் இடத்தில் அதற்கு என்ன விருந்து? ஜெயசுதா குனிந்து மோந்து பார்த்தார். லேசாக ரோஜா வாசனை அடித்தது.

"எலும்பு, கிளாஸ், பாட்டில், அந்தக் குஷன், எல்லாத்தையும் தனித்தனியா சீல் வைங்க. பாடி ஜி.எச்-சுக்குப் போகுது. போஸ்ட்மார்ட்டம் முடியாம ஒருத்தருக்கும் குடுக்கப் போறதில்லை."

"மேல இருந்து போன் வருமுங்க மேடம்."

"வரட்டும். எனக்கும் காது இருக்குது."

ஜெயசுதாவுக்குக் கோபம் சும்மா வரவில்லை. 'குடிச்சிருந்தான்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்து இந்த ஊரில் எதை வேண்டுமானாலும் புதைக்கலாம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆறு மாதத்துக்கு முன் அப்படித்தான் கன்னையனைப் புதைத்தார்கள். குமாரவேலும் அவருடைய பள்ளித் தோழன் தங்கதுரையும் பங்குபோட்டு நடத்தும் சாயப்பட்டறையில் கழிவுத் தொட்டி கழுவும் ஆள் கன்னையன். தொட்டிக்குள் செத்துக் கிடந்தார். குடித்துவிட்டுத் தவறி விழுந்தான் என்றார்கள். சட்டையெல்லாம் பிராந்தி நாற்றம். பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவர்கள் மூன்று பேர்: தங்கதுரை, குமாரவேல், டிரைவர் இசக்கிமுத்து. அப்போதிருந்த இன்ஸ்பெக்டர் மூடிவிட்டு மாறிப் போனார்.

கன்னையன் மனைவி மருதாள் மட்டும் மூடவில்லை. நல்லூரில் ஒரு தையல் யூனிட்டில் பிசிறு வெட்டும் வேலை அவளுக்கு. லீவு விடும் நாளெல்லாம் ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்பாள். கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"என்ற ஊட்டுக்காரரு சர்ச்சுல திராட்சை ரசம் குடுத்தாக்கூட உதட்டுல ஒத்தி எடுக்கற ஆளுங்க அம்மணி. அவரைக் குடிகாரருன்னு எழுதி வெச்சிருக்கறீங்க. அதை அழிச்சுக் குடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

நேற்று, சனிக்கிழமை, ஜெயசுதாவுக்கு குமாரவேலிடமிருந்து போன் வந்தது. "திங்கக்கெழமை ஸ்டேஷனுக்கு வர்றேனுங்க மேடம். கன்னையன் விஷயம் பேசோணும். போன்ல வேண்டாமுங்க."

திங்கட்கிழமை வருவதற்குள் ஆளே இல்லை. அவர் சட்டையிலும் பிராந்தி நாற்றம். ஒரே மருந்தை இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறான் எவனோ ஒரு வைத்தியன் என்று ஜெயசுதாவுக்குத் தோன்றியது.

கேட்டில் கேமரா இருந்தது. நஞ்சப்பனின் நாற்காலியும் அதன் பார்வைக்குள்ளேயே இருந்தது. மனிதர் நாள் முழுக்க அதைவிட்டு நகரவில்லை. உள்ளே போய் வந்தவர்கள் மூன்றே பேர். பதினொரு மணிக்குக் குமாரவேலை இறக்கிவிட்டு, மாடி வரைக்கும் பை தூக்கிப் போய்த் திரும்பிய இசக்கிமுத்து. ஒரு மணிக்குச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி சித்ரகலா. இரண்டரைக்கு வந்து மூன்றரைக்குப் போன தங்கதுரை, தோளில் பனியன் சாம்பிள் பை. திருப்பூரில் முதலாளியாகப்பட்டவன் சாம்பிள் பை இல்லாமல் கோயிலுக்குக்கூடப் போகமாட்டான், அதனால் அந்தப் பையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்பக்கக் கதவு ஒன்று உண்டு. அதன் சாவி இசக்கிமுத்துவிடம்.

தங்கதுரை கீழே கண்ணைத் துடைத்தபடி நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, விரல்களில் மோதிரங்கள்.

"நான் வரும்போதே ஆரம்பிச்சிருந்தானுங்க மேடம். பழனி மாலை கழட்டி கொஞ்ச நாளுகூட ஆகலை, ஏன்டா இப்படின்னு கேட்டேன். கேக்கற ஆளா? நான் எறங்கும்போது பாதி பாட்டில் முடிஞ்சிருந்துச்சு."

"நீங்க குடிக்கலீங்களா?"

"எனக்கு சுகருங்க. தொடறதில்லை."

"கறி?"

"அதுவுந்தான் தொடலீங்க. ஊட்டுல சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்."

"சரக்கு யாரு வாங்கிக் குடுத்திருப்பாங்க?"

"டிரைவரை உட்டா வேற யாருங்க?"

"பிராந்திக்கு எதுக்குங்க பன்னீர் சோடா?"

தங்கதுரையின் முகத்தில் அந்தத் துக்கத்திலும் ஒரு சிரிப்பு வந்தது. "அது அவன்ற பழக்கமுங்க. ஊரே தண்ணி ஊத்திக் குடிக்கும், இவனுக்கு மட்டும் பன்னீர் சோடா. தொட்டுக்க பள்ளிபாளையம் சிக்கன். ஒரு ஃபுல்லை முடிச்சுட்டு, கோடு போட்டாப்புல நேரா நடந்து போவானுங்க. அவனைக் கவுக்கறதுக்கு இந்த ஊருல சரக்கே இல்லீன்னு சொல்லுவோம்."

ஜெயசுதா தலையாட்டிக்கொண்டார்.

குமாரவேலின் தாய் முத்தாயி, மருமகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "நீ சோறு போட்டு வளத்த லட்சணமாடி இது? பட்டினி போட்டு எலும்பாக்குனே, அந்த ஏக்கத்துலதான் எம்மவன் குடிச்சான்!" சித்ரகலா வாயைத் திறக்கவில்லை. எதையோ விழுங்கிக்கொண்டு நிற்கிற முகம் அது. சொந்தக்காரர்களுக்கு முன் அவள் பேசமாட்டாள் என்று ஜெயசுதாவுக்குத் தோன்றியது.

இசக்கிமுத்து தெற்கத்திக்காரன், திருச்செந்தூர்ப் பக்கம்.

"சரக்கு நான் வாங்கலம்மா. சத்தியமா வாங்கல. காலையில தூக்கிட்டுப் போனது லேப்டாப்பு பை. பல்லடம் ரோட்டுல வண்டி வாட்டர் வாஷுக்கு விட்டுட்டு அங்கதான் கெடந்தேன்."

"அங்க உன்னைப் பாத்தவங்க?"

"ஞாயித்துக்கெழம கூட்டம்மா. யாரு யாரப் பாக்காவ?"

"உங்க முதலாளி எதைக் கலந்து குடிப்பாரு?"

அவன் விழித்தான். "அவிய குடிச்சு நான் பாத்ததே இல்லியேம்மா. நான் சேந்து ஒரு வருசம் ஆவுது. தண்ணியவே அந்தச் சின்ன டம்ளர்லதான் சப்பிச் சப்பிக் குடிப்பாவ."

"கன்னையன் செத்தப்ப குடிச்சிருந்தாருன்னு கையெழுத்துப் போட்டியே, அதையாச்சும் பாத்தியா?"

அவன் முகம் செத்துப் போயிற்று. வேல்குமார் ஜெயசுதாவின் காதருகே வந்தார். "இவன்தானுங்க மேடம். முதலாளி உண்மையச் சொல்லீட்டா பொய்ச் சாட்சி சொன்ன இவனும் உள்ளே போகோணும். பின்வாசல் சாவியும் இவன்கிட்ட. தூக்கிடலாமுங்களா?"

ஆறு மணிக்குக் குடிச்சாவு என்றவர் ஒரு மணி நேரத்தில் கொலை என்கிறார். அவசரம் மட்டும் குறையவில்லை.

"அதே உண்மைக்கு தங்கதுரையும் உள்ளே போகோணுமில்ல? அவரை எதுக்கு விட்டீங்க? வெள்ளைச் சட்டைங்கறதாலயா?"

வேல்குமார் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

திங்கட்கிழமை காலை ஜி.எச்-சின் பிரேதப் பரிசோதனை டாக்டர் அன்புசெல்வியே போன் செய்தார்.

"மேடம், உதட்டோட உள்பக்கம் பல்லு பதிஞ்சு கிழிஞ்சிருக்கு. கண்ணுக்குள்ள ரத்தப் புள்ளிங்க. மூக்கையும் வாயையும் யாரோ மெத்துனு எதையோ வச்சு அமுக்கியிருக்காங்க. போதையில இருந்ததால பெருசா போராடல."

"எவ்வளவு குடிச்சிருந்தாருங்க?"

"அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். ரத்தம் லேபுக்குப் போயிருக்கு, கணக்கு அப்புறம் வரும். ஆனா இவருக்கு வயிறே இல்லை மேடம். எடை குறைக்க ஆப்பரேஷன் பண்ணியிருக்காங்க. இரைப்பையில ஒரு முட்டையளவு மட்டும் விட்டுட்டு, அதை நேரா குடல்ல இணைச்சிருக்காங்க. இந்த வயித்துக்கு ஒரே மூச்சுல ஒரு டம்ளர் தண்ணியே பாரம். சரக்கு தங்காம நேரா குடலுக்குப் போய்ச் சட்டுனு ரத்தத்துல ஏறிடும். ஒரு பெரிய பெக் போதும், ஆளு சாய்ஞ்சுடுவாரு. நாலு அடிச்சாலும் அசையாத ஆளுங்க ஆப்பரேஷனுக்கு அப்புறம் ஒண்ணுலயே விழுறதை நான் பார்த்திருக்கேன். அதனாலதான் தொடாதீங்கன்னு சொல்லி அனுப்புறோம்."

"ஒரு மணி நேரத்துல ஒரு ஃபுல்லு, ரெண்டு பன்னீர் சோடா, அரைக் கிலோ சிக்கன்?"

"வாய்ப்பே இல்லை. சோடா காத்து வலியில துடிக்க வைக்கும். சர்க்கரைத் தண்ணி மொத்தமா இறங்கினா வேர்த்து, படபடத்து, படுத்துடுவாரு. உள்ள சிக்கன் ஒரு துணுக்குகூட இல்லை. ரெண்டு ஸ்பூன் பருப்புச் சோறு இருக்கு. அவ்வளவுதான்."

ஜெயசுதா போனை வைத்தார். கிண்ணிக்கு ஆள் கிடைத்துவிட்டது.

நேராகச் சித்ரகலாவின் வீட்டுக்குப் போய், அவளை மட்டும் தனியறைக்கு அழைத்தார்.

"ஆப்பரேஷன் பண்ணுனதை எதுக்கு மறைச்சீங்க?"

சித்ரகலா அதுவரை அடக்கியதெல்லாம் உடைந்து கொட்டியது. "அவருக்கு வெக்கமுங்க. வாயைக் கட்ட வக்கில்லாம வயித்தை அறுத்துக்கிட்டான்னு ஊரு சிரிக்கும்னாரு. கேரளாவுல வைத்தியத்துக்குப் போறேன்னு சொல்லீட்டு கோயமுத்தூருல பண்ணுனோமுங்க. கேக்கறவங்களுக்கெல்லாம் பேலியோ, வாக்கிங்னு சொல்லீட்டுத் திரிஞ்சாரு. மாமியாருக்குக்கூடத் தெரியாது. எனக்கும், எம்மவளுக்கும், செக்கப்புக்கு வண்டி ஓட்டுற இசக்கிக்கும் மட்டுந்தான் தெரியும்."

"தங்கதுரைக்கு?"

"அவருகிட்டச் சொல்றதுக்கு மைக் வெச்சே சொல்லலாமுங்களே. சொல்லவே இல்லை."

"குடிக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தலீங்களா?"

"உடுவாங்களா? டாக்டரு வேண்டாம்னாருன்னு சொன்னா, ஒரு கட்டிங் அடிச்சா ஒண்ணும் ஆகாதும்பாங்க. அதனால மாலை போட்டுக்கிட்டாருங்க. மாலை போட்ட ஆளு கையில யாரும் கிளாஸைத் திணிக்க மாட்டாங்கல்ல? தைப்பூசத்துக்குப் பழனி மாலை. அப்பறம் ஆடிக் கிருத்திகைக்கு. அப்பறம் ஐயப்பனுக்கு. மறுபடி பழனி. முருகன் புண்ணியத்துல ஒரு வருசத்துக்கு மேல தப்பிச்சாரு. இந்தப் பூசம் முடிஞ்சு கழட்டுனாருங்க. கழட்டியிருக்கவே கூடாது."

வைத்தியர் பேச்சுக்கு இல்லாத மரியாதை ஒரு துளசி மாலைக்கு இருக்கிற ஊர். உயிரோடு இருப்பதற்காக ஒரு மனிதன் நண்பர்களிடமிருந்து சாமி பேரில் ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஜெயசுதாவுக்கு யாரையாவது ஓங்கி அறைய வேண்டும் போல் இருந்தது.

"சனிக்கிழமை எனக்குப் போன் பண்ணுனாரு. அது வேற யாருக்குத் தெரியும்?"

"தங்கதுரை அண்ணனுக்கு அவரேதான் சொன்னாருங்க. 'நீயும் வாடா, ரெண்டு பேரும் போய் ஒத்துக்குவோம், அந்த மருதாளு மூஞ்சியப் பாக்க முடியலை'ன்னு. அண்ணன் யோசிச்சுச் சொல்றேன்னு வெச்சுட்டாரு."

"இசக்கிக்கு?"

"அவனுக்கும் தெரியுமுங்க. கார்லதானே பேசுனாரு."

பிற்பகல் மூன்று மணிக்கு அதே மாடி அறையில் எல்லாரையும் வரவழைத்தார் ஜெயசுதா. தங்கதுரை ஒரு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தார். இசக்கிமுத்து கதவோரம் நின்றான். சித்ரகலா அலமாரி பக்கம். வேல்குமாரும் இரண்டு கான்ஸ்டபிள்களும் வாசலில்.

"குமாரவேலை மூச்சை அமுக்கிக் கொன்னுருக்காங்க," என்று தொடங்கினார் ஜெயசுதா. "இந்தக் குஷனை வெச்சு. காலையில லேப்ல பாத்துட்டாங்க, அதுல எச்சிலும் ரத்தமும் இருக்குது. கொன்னது வெளியாளு இல்லை. உள்ளே வந்தவங்க நீங்க மூணு பேருதான்."

தங்கதுரை டிரைவரை ஒரு பார்வை பார்த்தார். பார்த்தவிதமே தீர்ப்பு.

"கொன்னதுக்கப்புறம் ஒரு வேலை நடந்திருக்குது. டீப்பாயில ஒரு விருந்து வெச்சிருக்காங்க. ஃபுல்லு பிராந்தி, பன்னீர் சோடா, பள்ளிபாளையம் சிக்கன். நான் மொதல்ல பாட்டிலைப் பாக்கலீங்க. எறும்பைப் பாத்தேன். பேசின் ஓட்டையில எறும்பு மொச்சுட்டு இருந்துச்சு. பிராந்திக்கு எறும்பு வராது, பன்னீர் சோடாவுக்கு வரும். குடிச்சவன் எதுக்குப் பேசின்ல ஊத்துறான்? குடிக்காததத்தானே ஊத்தோணும்? பாட்டிலு இவரு வயித்துக்குள்ள காலி ஆகலை. அந்த ஓட்டைக்குள்ள காலி ஆயிருக்குது."

"எதுக்குங்க ஊத்தோணும்?" என்றார் தங்கதுரை.

"நல்ல கேள்வி. ஒரு கிளாஸ்ல குமாரவேல் செத்தான்னா ஊரு நம்புமா? நேத்து நீங்கதானே சொன்னீங்க, அவரைக் கவுக்கச் சரக்கே இல்லீன்னு. குமாரவேல் குடிச்சுச் செத்தாருன்னு காட்டோணும்னா ஒரு ஃபுல்லாவது காலியாகோணும். குடிகாரங்க கணக்கு அது. அந்தக் கணக்குப்படி ஒருத்தன் காலி பண்ணியிருக்கான்."

ஜெயசுதா சித்ரகலாவிடம் கையை நீட்டினார். அவள் கிண்ணியை எடுத்துக் கொடுத்தாள். தங்கதுரையின் முன்னால் டீப்பாயில் அது டங்கென்று உட்கார்ந்தது.

"இது என்னன்னு தெரியுதுங்களா?"

"கொழந்தைங்க கிண்ணி."

"உங்க சிநேகிதனோட சாப்பாட்டுத் தட்டு இது. ஒரு வேளைக்கு இவ்வளவுதான். கோயமுத்தூருல வயித்தை வெட்டிச் சின்னதாக்கி ஆப்பரேஷன் பண்ணீட்டு வந்திருக்காரு. இரைப்பையில மிச்சம் ஒரு முட்டையளவு. சோடா ஆகாது, இனிப்பு ஆகாது. சிக்கன் ரெண்டு துண்டு எறங்காது."

தங்கதுரையின் வாய் திறந்தபடி நின்றது. "ஆப்பரேஷனா?"

அந்தத் திகைப்பில் நடிப்பு ஒரு துளிகூட இல்லை. ஜெயசுதா எதிர்பார்த்ததும் அதைத்தான்.

"இப்பக் கேளுங்க. இந்த விருந்தை வெச்சவனுக்கு ரெண்டு விஷயம். ஒண்ணு, குமாரவேலோட பழைய பழக்கம் அத்துப்படி. பன்னீர் சோடா வரைக்கும் தெரியும். ரெண்டு, புது வயிறு தெரியாது. செத்தது இந்தக் குமாரவேலு. விருந்து வெச்சது ரெண்டு வருசத்துக்கு முந்தி இருந்த குமாரவேலுக்கு. சித்ரகலாவுக்குப் பழசும் தெரியும், புதுசும் தெரியும். இந்தக் கிண்ணியக் கழுவுறவங்க அரைக் கிலோ சிக்கனை வெச்சு ஏமாத்தப் பாக்க மாட்டாங்க. இசக்கிக்குப் புதுசு மட்டும் தெரியும். ஆப்பரேஷனுக்கு அப்புறம் சேர்ந்தவன், பன்னீர் சோடாவை அவன் கண்டதே இல்லை. பழசு மட்டும் தெரிஞ்சு, புதுசு தெரியாத ஆளு இந்த மூணு பேர்ல ஒருத்தருதான்."

ஜெயசுதாவின் குரலில் அதுவரை இருந்த மரியாதை அங்கேயே நின்றுபோயிற்று.

"இன்னொண்ணு இருக்குது தங்கதுரை. அவரு வயித்துல சிக்கன் இல்லை. ஆனா இலையில எலும்பு இருந்துச்சு, சப்பிப் போட்ட எலும்பு. பிராந்திய பேசின்ல ஊத்தலாம், கோழியை ஊத்த முடியாதில்ல? பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்து அரைக் கிலோ சிக்கனைத் தின்னிருக்கறயே, நீயெல்லாம் மனுசனா? அந்த எலும்பு லேப்புல இருக்குது. ஊட்டுல சாப்பிட்டுட்டு வந்தேன்னயே, உன்ற எச்சில் எப்படி அதுல வந்துச்சுன்னு கோர்ட்டுல சொல்லு."

தங்கதுரை எழப் பார்த்தார். வாசலில் நின்ற கான்ஸ்டபிள்களைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"நான்… நானும் வர்றேன்டா, ஒண்ணாப் போயி ஒத்துக்குவோம்னு சொன்னேனுங்க. சந்தோசப்பட்டான். சாம்பிள் பையில எல்லாங் கொண்டு போயிருந்தேன், கடைசியா எங்கூட ஒரு ரவுண்டு, முன்ன மாதிரின்னேன். மொதல்ல வேண்டாம்னான். அப்பறம் எனக்காவ ஒரு கிளாஸ் குடிச்சான். ஃபுல்லு எறங்குனா மனசு எளகுவான், பேசிப் பாக்கலாம்னுதான்… ஒரே கிளாஸ்ல சாஞ்சுட்டான். நடிக்கறான்னு நெனச்சேன். எழுப்புனா எந்திரிக்கலை. அப்பத்தான்…"

"அப்பத்தான் தலைகாணி கண்ணுல பட்டுச்சு."

சித்ரகலா அவரிடம் வந்தாள். அடிப்பாள் என்று வேல்குமார் முன்னே நகர்ந்தார். அவள் கையைக்கூடத் தூக்கவில்லை.

"முப்பது வருசச் சிநேகிதம்னு நம்பித்தான் அந்த ஒரு கிளாஸைக் குடிச்சிருக்காரு," என்றாள். "ஒரு வருசம் சாமி காப்பாத்துனதை ஒரு நாள்ல நீ குடிக்க வெச்சே கொன்னுட்டே."

கதவோரம் நின்ற இசக்கிமுத்து அப்போதுதான் விம்மினான். "அம்மா, நான் சொல்லிருதேன். கன்னையன் அண்ணன் குடிக்கலம்மா. மாஸ்க் கேட்டாவ. அதெல்லாம் நேரமாவும்னு தங்கதுரை மொதலாளிதான் எறக்கிவிட்டாவ. வெசவாயு தாக்கி அங்கனயே விழுந்துட்டாவ. தூக்கி வெளிய போட்ட பெறவு, இவியதான் கார்ல இருந்த பிராந்திய எடுத்துட்டு வந்து சட்டையில ஊத்தினாவ. எங்க மொதலாளி பாத்துட்டே நின்னாவ. நானும் நின்னேன். என்னையும் பிடிச்சு உள்ள போடுங்கம்மா."

"போடுவேன்," என்றார் ஜெயசுதா. "மொதல்ல எழுதிக் குடு."

மாலை ஆறு மணிக்கு ஸ்டேஷனுக்கு மருதாள் வந்தாள். வேல்குமாரே ஆள் அனுப்பி வரவழைத்திருந்தார். தையல் யூனிட்டிலிருந்து நேரே வந்ததால் புடவையெல்லாம் நூல் பிசிறு. ஜெயசுதா எல்லாவற்றையும் சொன்னார். மருதாள் அழவில்லை. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"காயிதத்துல அழிச்சுருவீங்களா அம்மணி?"

"அழிச்சு, கேஸை மாத்தி எழுதியாச்சுங்க. கோர்ட்டுக்குப் போகுது."

"காயிதத்தை யாருங்க படிப்பாங்க?" அவள் குரல் உயர்ந்தது. "குடிச்சுச் செத்தான்னு அவனுக பட்டறை கேட்டுல நின்னு, ஷிப்ட் உடற நேரத்துல, அத்தனை பேரு முன்னால சொன்னாங்க. என்ற பையன் காது கேக்கச் சொன்னாங்க. அங்க வந்து சொல்லுங்க."

வேல்குமார் தயங்கினார். "அதெல்லாம் நம்ம வழக்கம் இல்லீங்களே மேடம்…"

"இல்லாததாலதான் இந்த லட்சணத்துல இருக்குது. வண்டிய எடுங்க."

சாயப்பட்டறையில் ஷிப்ட் மாறும் நேரம். பகல் ஷிப்ட்காரர்கள் டிபன் பாக்ஸோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். உள்ளூர்க்காரர்கள், தெற்கத்திக்காரர்கள், வடக்கேயிருந்து வந்த பையன்கள். ஜீப்பைப் பார்த்ததும் கும்பல் ஒதுங்கியது. ஜெயசுதா ஜீப் மைக்கைக் கையில் எடுத்தார்.

"கன்னையன் குடிச்சுட்டு விழல. ஒரு சொட்டுக்கூடக் குடிக்கல. மாஸ்க் குடுக்காமத் தொட்டிக்குள்ள எறக்கிக் கொன்னாங்க. செத்தவரு சட்டையில பிராந்திய ஊத்தினாங்க. ஊத்தினவன் தங்கதுரை. இப்ப அவன் எங்க ஸ்டேஷன்ல இருக்கான்."

இந்தி பேசும் பையன்களுக்கு யாரோ ஒருவன் அதைத் திருப்பிச் சொன்னான். கும்பலில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது.

மருதாள் கேட்டுக்கு உள்ளே எட்டிப் பார்த்தாள். கழிவுத் தொட்டிக்குப் பக்கத்தில், மாஸ்க் இல்லாமல், வாளியும் கயிறுமாக ஒருவன் இறங்கத் தயாராக நின்றுகொண்டிருந்தான்.

"டேய்!" என்று கத்தினாள் மருதாள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "எறங்காதடா! மேல வாடா!"

அவன் திகைத்து வாளியைக் கீழே வைத்தான். மருதாள் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஜெயசுதாவும் மைக்கை ஜீப்பில் போட்டுவிட்டு அவள் பின்னால் போனார்.